ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு வீடு



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். பழைய ஆசிரியர்களைப் பற்றியும் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றியும் எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. நான் எழுத நினைத்தது ஒரு வீட்டைப் பற்றியும், அந்த வீட்டைக் கட்டியவரைப் பற்றியும். புதுவையில் படித்த நாம் எல்லோரும் அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறோம். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ரங்கப்பிள்ளை வீதியில், மூட்டை வண்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவில் நிற்கிறது. மூன்று வருஷம் அந்த வழியாகவே போய் வந்தவன் நான். ஒரு நாளாவது தலையைத் தூக்கிப் பார்த்தேனா என்றால் இல்லை. ரங்கப்பிள்ளை யார் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், ஏதோ பழைய மிராசுதாராக இருக்கும் என்று சொல்லியிருப்பேன். அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

பக்கத்துத் தெருவைப் பாருங்கள். இன்று நேரு வீதி என்று நாம் சொல்வது ஒரு காலத்தில் டூப்ளே வீதி. கவர்னர் பெயர் போய்விட்டது. அவரிடம் துபாசியாக இருந்த தமிழர் பெயர் மட்டும் அடுத்த வீதியில் அப்படியே நிற்கிறது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709 மார்ச் 30ஆம் தேதி சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தாயை இழந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. தாய்மாமன் நைனியப்ப பிள்ளை புதுவையில் பிரெஞ்சுக் கும்பினிக்குத் தலைமைத் துபாசியாக இருந்தார். மைத்துனரையும் அவர்தான் இங்கே அழைத்து வந்தார்.

துபாசி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அகராதி சொல்லும். மொழிபெயர்ப்பு அந்த வேலையில் கால்வாசிதான். நான் வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கும்பினி துணி வாங்க வேண்டும். நெசவாளரிடம் நேரே போக அதற்குத் தெரியாது. ஊர் வியாபாரிகளைக் கூட்டி, ஒப்பந்தம் பேசி, முன்பணம் கொடுத்து, சரக்கு கெடுவுக்குள் வந்து சேர வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், யார் நாணயஸ்தர், யார் கைவிரிப்பார் என்று சொல்ல ஒருவர் வேண்டும். நவாபுகளுக்குக் கடிதம் எழுத, வந்த கடிதத்துக்கு உள்ளர்த்தம் சொல்ல, ஊர்ச் சாதி வழக்குகளைத் தீர்க்க ஒருவர் வேண்டும். அத்தனைக்கும் பொறுப்பு ஒரே ஆள்தான். பெரிய அதிகாரம்தான். ஆனால் கவர்னர் முகம் சுளித்தால் அந்த அதிகாரம் ஒரே நாளில் காணாமல் போகும்.

அப்படித்தான் போயிற்று. 1716இல் எபேர் என்ற கவர்னர் நைனியப்ப பிள்ளையைப் பிடித்துச் சிறையில் போட்டார். குற்றம் சாட்டி, கடைத்தெருவில் ஊர் பார்க்க 50 கசையடி. சொத்துப் பறிமுதல். அடுத்த வருஷம், 1717இல், அவர் சிறையிலேயே இறந்தார். மைத்துனர் திருவேங்கடமும் அந்த வழக்கிலிருந்து தப்பவில்லை. நைனியப்பர் மகன் குருவப்ப பிள்ளை சும்மா இருக்கவில்லை. கப்பலேறிப் பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, ராஜ கௌரவமாக செவாலியே பட்டமும் வாங்கிக்கொண்டு திரும்பினார். தந்தையின் பேரில் இருந்த பழி நீங்கிற்று. தந்தை வகித்த பதவியும் கிடைத்தது. ஆனால் 1724இல் அவரும் போய்விட்டார். 1726இல் திருவேங்கடம் பிள்ளையும் காலமானார்.

ஆனந்தரங்கருக்கு அப்போது வயது 17. தாய்மாமன் அடிபட்டபோது ஏழு. ஏழு வயதுப் பையன் எதைப் பார்த்தான், எதைக் காதில் கேட்டான் என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் பிற்காலத்தில் அந்த மனிதர் செய்த இரண்டு காரியங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைத்தெருதான் ஞாபகம் வருகிறது. ஒன்று, அவர் கட்டிய வீடு. இன்னொன்று, அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு.

லெனுவார் கவர்னராக இருந்தபோது பையனின் கெட்டிக்காரத்தனம் கண்ணில் பட்டது. பரங்கிப்பேட்டையில் கும்பினிக்கு இருந்த துணி வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார். சொந்தத்தில் ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் வியாபாரம் வைத்தார். பாக்கு வியாபாரம் தனி. நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், பாக்குக் கிடங்கில் வந்து உட்கார்ந்தேன் என்று சொல்லாத வாரம் அதில் கிடையாது. ஊர் சமாச்சாரமெல்லாம் அங்கேதான் வந்து சேரும். இந்தக் காலத்து டீக்கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஆனந்தப்புரவி என்று சொந்தமாக ஒரு கப்பலே ஓட்டினார். செங்கல்பட்டு சேஷாத்ரி பிள்ளையின் மகள் மங்கைத்தாயி அம்மாளை மணந்தார். பெண்கள் வளர்ந்தார்கள். ஆண் பிள்ளைகள் தங்கவில்லை.

1738 வாக்கில் வீடு எழுந்தது. வயது முப்பதைத் தொடவில்லை.

அந்த வீட்டுக்குள் நான் முதன்முதலில் போனது கல்லூரியை விட்டு எத்தனையோ வருஷம் கழித்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு. அவர் கேட்டார் என்பதற்காகத்தான் போனேன். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் கொஞ்ச நேரம் இருட்டிவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தூண்கள் தெரிய ஆரம்பித்தன. மரத்தூண்கள். செதுக்கு வேலை செய்தவை. முற்றத்தைச் சுற்றி, நம் செட்டிநாட்டு வீடுகளிலும் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளிலும் பார்க்கிற அதே அமைப்பு. கல்யாணம், சீமந்தம், திதி எல்லாம் நடக்கத்தக்க தமிழ் வீடு. மாடிக்கு ஏறிப் போனால் வேறு ஊர். வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசிய உருண்டைத் தூண்கள். பிரெஞ்சுக்காரர் மாளிகைகளில் இருக்குமே, அதே பாணி. காற்றும் வெளிச்சமும் தாராளம். மெத்தைத் தளம். கீழே மாமனார் வீடு, மேலே கவர்னர் வீடு என்று நண்பர் தமாஷாகச் சொன்னார்.

நான் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாளில் புதுவை இரண்டு பட்டணம். கடலோரம் வெள்ளையர் பட்டணம், மேற்கே தமிழர் பட்டணம். இந்த மனிதர் தமிழர் பட்டணத்தில் வீடு கட்டினார். கீழ்த்தளத்தை உறவுக்காரர்களும் மகாநாட்டார்களும் முகம் சுளிக்காமல் உட்காரும்படி கட்டினார். துரைமார் வந்தால் உட்கார வைக்க மேல்தளம். இரண்டையும் ஒரே சுவர் தாங்குகிறது. இந்த வீட்டுக்குப் பாரம்பரியக் கட்டடம் என்ற மதிப்பு கிடைத்ததற்கு இந்தக் கலப்பும் ஒரு முக்கியக் காரணம். தமிழ் வீடும் பிரெஞ்சு மாளிகையும் சேர்ந்து ஒரு புதுவைப் பாணி உண்டாயிற்று என்று கட்டடக்கலை படித்தவர்கள் சொல்கிறார்கள் அல்லவா, அதற்கு இன்று நமக்கு மிஞ்சியிருக்கும் பழைய சாட்சிகளில் இது ஒன்று.

வீடு கட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1736 செப்டம்பர் 6ஆம் தேதி, நள வருஷம் ஆவணி மாதம், அவர் எழுத ஆரம்பித்தார். வயது 27. கணக்குப் பேரேடு மாதிரிப் பெரிய புத்தகங்களில், நடு நடுவே விட்டுப் போனாலும், 25 வருஷம் எழுதினார். யார் சொல்லியும் எழுதவில்லை. யாருக்குக் காட்டவும் எழுதவில்லை. எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை குண்டு போட்டார்கள், எந்தத் துரை எந்தத் துரையோடு பேசவில்லை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போகவில்லை, புயலில் எத்தனை மரம் சாய்ந்தது, யாருக்கு எந்த நட்சத்திரத்தில் குழந்தை பிறந்தது, எல்லாம் அதில் உண்டு.

தமிழ் எப்படி என்று மாணவர்கள் கேட்பீர்கள். இலக்கணச் சுத்தமான தமிழ் அல்ல. கடைத்தெருத் தமிழ். கும்பினியார் கும்பினீர் ஆவார். கவர்னர் குவர்னதோர் ஆவார். பாரசீகம், தெலுங்கு, போர்த்துகீசு எல்லாம் கலந்து வரும். ஒரு வாக்கியம் ஒரு பக்கம் ஓடும். ரோமன் ரோலன் நூலகத்தில் அந்தத் தொகுதிகளில் ஒன்றை நான் முதலில் எடுத்தபோது பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் தலை சுற்றியது. பதினோராவது பக்கத்திலிருந்து கீழே வைக்க முடியவில்லை. புலவர்கள் பாடிய தமிழ் நமக்கு நிறையக் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஜனங்கள் வாய்விட்டுப் பேசிய தமிழ் இத்தனை நீளமாகக் கிடைப்பது அபூர்வம்.

ஏன் எழுதினார்? அறிஞர்கள் பல காரணம் சொல்லலாம். என் சொந்த யூகம் இது. கசையடி வாங்கிய தாய்மாமனிடம், தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல நாள்வாரியாக ஒரு ஏடு இருந்திருந்தால்? பையன் அதை மறக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. வங்கியில் கையெழுத்தில்லாத ரசீதால் அவதிப்பட்டவன் அப்புறம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்வான். அப்படித்தான்.

1742இல் டூப்ளே கவர்னராக வந்தார். அப்போது தலைமைத் துபாசி கனகராய முதலியார். கிறிஸ்தவர். ரெட்டியார்பாளையத்தில் 1745இல் அவர் கட்டிய அந்திரேயர் கோயில் நமக்குத் தெரிந்ததுதான். கோயில் கட்டி முடித்ததும் எல்லாச் சாதியாருக்கும் விருந்து வைத்தார். பிள்ளை அதையும் எழுதி வைத்திருக்கிறார், கூடவே தன் குறை நிறைகளையும் சேர்த்து. போட்டிக்காரர் வீட்டு விருந்தைப் பற்றி மனசு நிறைந்து எழுத அவர் ஒன்றும் மகான் அல்ல. 1746 பிப்ரவரியில் முதலியார் காலமானார். அடுத்து யார் என்று ஊரே காத்திருந்தது. கவர்னரின் மனைவிக்கு இந்தப் பதவி ஒரு கிறிஸ்தவருக்கே போக வேண்டும் என்று எண்ணம். வேலையெல்லாம் பிள்ளை பார்த்தார், பதவி மட்டும் இழுத்தடித்தது. 1747இல்தான் முறைப்படி அவர் கைக்கு வந்தது.

அந்த நாட்களில் நடந்ததெல்லாம் சரித்திரப் பாடத்தில் படித்தவைதான். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1748இல் இங்கிலீஷ் தளபதி பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். பாடப் புத்தகத்தில் அது இரண்டு வரி. பிள்ளையின் ஏட்டில் அது ராத்திரியும் பகலும் குண்டு விழும் ஊர்.

அந்த முற்றுகை நடுவில்தான் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நம் கல்லூரியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பழைய புண்ணைக் கிளற எனக்கு ஆசையில்லை. ஆனால் பிள்ளையின் வாழ்க்கையில் அதை விட்டுவிட்டால் மீதி எதுவும் புரியாது.

கோயில் சேசு சபையாரின் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அகற்ற வேண்டும் என்ற பேச்சு பல கவர்னர்கள் காலத்திலும் எழுந்து அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வியாபாரிகளும் தொழிலாளிகளும் கூட்டமாக ஊரை விட்டுக் கிளம்புவோம் என்பார்கள். துணி நெய்ய ஆளில்லாத ஊரில் கும்பினிக்கு என்ன வேலை? அதிகாரிகள் பின்வாங்குவார்கள். 1748 செப்டம்பரில் அந்த ஆயுதம் செல்லவில்லை. வெளியே எதிரிப் படை. ஊரில் பெரும்பாலோர் ஏற்கெனவே போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் சொற்பம். கவர்னரின் மனைவியும் பாதிரிமார்களும் வற்புறுத்த, டூப்ளே உத்தரவு கொடுத்தார்.

மகாநாட்டார்கள் பிள்ளையிடம் ஓடி வந்தார்கள். தலைமைத் துபாசி, கவர்னரின் வலது கை, நம்மவர், அவர் சொன்னால் நடக்காதா என்ற நம்பிக்கை. அவரால் முடியவில்லை. விக்கிரகங்களையும் சாமான்களையும் வேறு கோயிலுக்குக் கொண்டு போக அவகாசம் வாங்குகிற அளவுக்குத்தான் காரியம் நடந்தது. ஆட்கள் வந்து இடித்தார்கள். அன்றைக்கு இரவு அவர் எழுதிய பக்கங்கள் நீளமானவை. வேதனை இருக்கிறது. ஆத்திரம் இருக்கிறது. ஒற்றுமையாக நிற்காத ஊர்ப் பெரியவர்கள் மேல் குற்றச்சாட்டு இருக்கிறது. முன்னே இருந்த கவர்னர்கள் காலத்தில் நடக்காதது இப்போது நடந்ததே என்ற பொருமல் இருக்கிறது. தன் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அதில் எனக்குத் தென்படவில்லை.

இதை வைத்து அவரைக் கோழை என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். நான் ஒரு தடவை அந்த வீட்டு மாடியில் நின்றபடியே இதை யோசித்துப் பார்த்தேன். துரைமார் முன்னால் ஒரு வார்த்தை அதிகம் பேசினால் என்ன ஆகும் என்பதை ஏழு வயதில் பார்த்தவர். ராஜினாமா செய்திருந்தால் கோயில் நின்றிருக்குமா? நிற்காது. ஆனாலும் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று மனசு சொல்கிறது. இரண்டையும் ஒதுக்க என்னால் முடியவில்லை. அவராலும் முடியவில்லை என்பதால்தான் இத்தனை பக்கம் எழுதினாரோ என்னவோ.

அடுத்த வருஷம் அவருக்கு உச்சம். 1749இல் முசாபர் ஜங் அவருக்கு 3000 குதிரை மன்சப்பும் பட்டமும் கொடுத்தார். செங்கல்பட்டுக் கோட்டையும், பிற்பாடு அந்தச் சீமையின் ஜாகீரும் அவர் பேருக்கு வந்தன. மேளம் முழங்கப் பல்லக்கில் ஏறிக் கவர்னர் மாளிகைக்குள்ளேயே போகும் உரிமை, தங்கப் பூண் போட்ட கைத்தடி, சபையில் செருப்போடு நடக்கும் மரியாதை. புலவர்கள் சும்மா இருப்பார்களா? தமிழில் கோவை, சமஸ்கிருதத்தில் சம்பு காவியம், தெலுங்கில் ஒன்று என்று அவர் பேரில் பாடிக் குவித்தார்கள். சீனிவாச கவி எழுதிய ஆனந்தரங்க விஜய சம்பு 1752இல் வந்தது. கூலி கொடுத்துப் பாடிய பாட்டில் அவர் ராஜா. தன் கையால் எழுதிய ஏட்டில் அவர் காலையில் கவர்னர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பேச்சை ஆரம்பிக்கும் மனிதர். எனக்குப் பிடித்தது இரண்டாமவர்.

உச்சத்துக்குப் பிறகு இறக்கம் வேகமாக வந்தது. டூப்ளேயின் யுத்தங்களுக்குக் கும்பினியால் பணம் கட்டி மாளவில்லை. 1754இல் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பாரீசில் 1763இல் கடன்காரர்களுக்கு நடுவில் அவர் செத்தார். இங்கே பிள்ளையின் உடம்பும் கெட்டது. செல்வாக்கும் கரைந்தது. 1756இல் கவர்னர் லெரி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். கசையடி இல்லை, சிறை இல்லை. அந்த வகையில் தாய்மாமனைவிட அதிர்ஷ்டசாலி. பதவி போன பிறகும் ஏடு நிற்கவில்லை. படுக்கையில் கிடந்தபோதும் சமாச்சாரம் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது.

1758இல் லாலி என்ற தளபதி வந்தார். வந்த வேகத்தில் கடலூருக்குப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் இருந்த இங்கிலீஷ்காரரின் கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார். (கடலூர் நண்பர்கள் அந்த இடிபாட்டைப் பார்த்திருப்பீர்கள்.) சென்னையைப் பிடிக்கப் போய் முடியாமல் திரும்பினார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார். அதன் பிறகு புதுவையைச் சுற்றி வலை இறுகியது. அரிசி தீர்ந்தது. நவம்பரில், தின்ன வாய் குறையட்டும் என்று ஊர் ஜனங்களில் பலரை மதிலுக்கு வெளியே துரத்தினார்கள். எதிரிப் படையும் வழி விடவில்லை, உள்ளேயும் கதவு திறக்கவில்லை. அவர்கள் நாள்கணக்கில் இரண்டு பீரங்கி வரிசைகளுக்கு நடுவில் புல்லைப் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். கடைசியில்தான் இங்கிலீஷ்காரர் இரங்கி வழிவிட்டார்கள்.

1761 புது வருஷப் பிறப்பன்று பெரிய புயல் அடித்தது. முற்றுகைக் கப்பல்கள் சிதறின, சில மூழ்கின. ஊருக்குள் ஒரு மூச்சு நம்பிக்கை. சில நாளிலேயே மீதிக் கப்பல்கள் திரும்பி வந்து நின்றுவிட்டன. அந்த ஜனவரியில்தான், நகரம் சரணடைவதற்குச் சில நாட்களே இருக்கும்போது, ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். வயது 51. நாட்குறிப்பும் அந்த ஜனவரியோடு நிற்கிறது. ஜனவரி 16ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியதை அவர் பார்க்கவில்லை.

பிறகு இங்கிலீஷ்காரர் செய்ததையும் பார்க்கவில்லை. தேவனாம்பட்டினத்துக்குப் பதில் சொல்வதுபோல் புதுவையை இடித்தார்கள். இன்று பாரதி பூங்கா இருக்கும் பக்கத்தில் நின்ற கோட்டை, டூப்ளே ஆசை ஆசையாகக் கட்டிய கவர்னர் மாளிகை, மதில்கள், வெள்ளையர் பட்டணத்து வீடுகள், மாதா கோயில்கள், எல்லாம் மண். வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கக் காரணமாக இருந்த கோயிலும் அதில் போயிற்று. நாம் இன்று கடற்கரையில் பார்க்கும் பிரெஞ்சு வீடுகள் எல்லாம் 1765இல் ஊர் திரும்பப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பின் எழுந்தவை. சுற்றுலா வருபவர்கள் பழைய புதுவை என்று படம் எடுத்துக்கொள்ளும் தெருக்கள் பிள்ளைக்குத் தெரியாத தெருக்கள். அவர் கண்ணால் பார்த்த புதுவையில் நிற்பது மிகச் சில கட்டடங்கள். அவற்றில் ஒன்று, மார்க்கெட் பக்கத்தில், அவர் வீடு.

ஏடுகளும் தப்பின. அவருக்குப் பின் தம்பி மகனும் வழிவந்தவர்களும் குறிப்பு எழுதுவதைக் கொஞ்ச காலம் தொடர்ந்தார்கள். பிறகு எல்லாம் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கலுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்துப் பிரதி எடுக்கச் செய்தார். ஏரியேல் என்பவர் எடுத்த பிரதி பாரீசுக்குப் போயிற்று. 1894இல் வேன்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக இங்கிலீஷில் அச்சிட்டது. தமிழன் தமிழில் எழுதிய ஏடு பாரீசுக்கும் லண்டனுக்கும் போய் வந்த பிறகுதான், 1948 முதல், தமிழிலேயே புத்தகமாக வர ஆரம்பித்தது. நூறு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டார் நம் ஊர்க் கதையைப் படித்தார்கள், நாம் படிக்கவில்லை. நம் ஊர் பிரபஞ்சன் அந்த ஏடுகளில் மூழ்கி மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்று இரண்டு நாவல் எழுதினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தபோதுதான், எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு ரங்கப்பிள்ளை வீதியின் பேருக்கு அர்த்தம் தெரிந்தது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரித்திர மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஏட்டை வேதம்போல் படிக்க வேண்டாம். சாதிப் பெருமை உண்டு, பொறாமை உண்டு, தான் சொன்னதே நடந்தது என்ற ஜம்பம் நிறைய உண்டு. கவர்னர் தன்னைப் புகழ்ந்தார் என்று அவர் எழுதும் இடமெல்லாம் பாதியாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விலை, அளவு, தேதி, கப்பல், வட்டி என்று வந்தால் வியாபாரி பொய் எழுத மாட்டார். பொருளாதாரம் படிப்பவர்களுக்கு அதில் பத்து ஆராய்ச்சிக்குச் சரக்கு இருக்கிறது.

ஒன்றுகூடல் நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாலைக் கூட்டத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்கும் என்று நிகழ்ச்சி நிரல் சொல்கிறது. வருகிறவர்கள் என்னோடு வரலாம். முதலில் கடற்கரைச் சாலையின் தென்கோடிக்குப் போய் டூப்ளே சிலையைப் பார்ப்போம். நல்ல உயரமான சிலை, கடற்காற்றில் நிற்கிறது. அங்கிருந்து பாரதி பூங்கா வழியாக வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தால், ரங்கப்பிள்ளை வீதி நேரே மார்க்கெட்டுக்குக் கொண்டு போகும். மூட்டை இறக்குகிற வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். பிறகு தலையைத் தூக்கி மாடியைப் பாருங்கள்.